ஞாயிற்றுக்கிழமை மீன்

எங்கள் பேச்சில் லோக் என்றால் ஏரி. ஆனால் எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் லோக்கை ஏரி என்று சொன்னால் நிஜமான ஏரிகள் வருத்தப்படும். நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தை அதற்குள் இறக்கினாலும் கூரை நனையாது. இறக்கிப் பார்த்ததில்லை. ஆனால் என் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு எதிர்பார்ப்பு இருந்தது. எங்கள் லூயிஸ் தீவின் வரைபடத்தில் இந்த மாதிரி நீலப் புள்ளிகள் அம்மைத் தழும்புபோல ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எங்களுடையதற்கு லோக் பெக் நா லெரகா என்று பெயர். தண்ணீரைவிடப் பெயர் நீளம் என்பதால் பாதிப் பெயரைப் பக்கத்துச் சதுப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

லெரகா என்பது மே மாதம் கடலிலிருந்து அங்கே வந்து இறங்கும் பறவை. சாம்பல் தலை, தொண்டையில் செங்கல் நிறப் பட்டை, எதிரே இருப்பவரை மதிக்காதது மாதிரி எப்போதும் மேல்நோக்கித் தூக்கிய அலகு. தண்ணீரில் அதன் அழகே தனி. தரையில் என் முழங்காலைவிடக் கேவலம். கால்கள் உடம்பின் கடைசியில், மறந்துபோய் ஒட்டவைத்ததுபோல் இருப்பதால் அதற்கு நடக்க வராது. தண்ணீரிலிருந்து ஒரே உந்தில் ஏறி உட்கார வேண்டும் என்று கரையின் விளிம்பிலேயே பாசியைக் குவித்து முட்டையிடும். லோக் ஒரு சாண் உயர்ந்தால் கூடு போச்சு. முந்தைய மூன்று கோடைகளில் இரண்டு முறை வெள்ளம், ஒரு முறை அண்டங்காக்கை. இந்த முறையும் தவறினால் அந்த ஜோடி வேறு தண்ணீர் பார்த்துக்கொண்டு போய்விடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது.

இந்த ஆண்டு இரண்டு முட்டைகள். கூட்டருகே போவது சட்டப்படி குற்றம். அதனால் அக்கரை மேட்டில் படுத்து, தொலைநோக்கியில் பார்ப்பதுதான் எங்களால் முடிந்தது. குஞ்சு வந்ததா என்று அறிய அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது. லெரகா தனக்கான மீனைக் கடலிலேயே விழுங்கிவிட்டு வெறும் அலகோடு திரும்பும். அலகில் மீனோடு ஊருக்கு மேலே பறந்தால், லோக்கில் ஊட்டுவதற்கு ஒரு வாய் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஜூன் பிறந்ததும் எங்கள் ஊரில் வணக்கம் சொல்வதே நின்றுபோனது. கடை வரிசையில், தபால் வண்டி ஜன்னலில், ஆட்டுப் பட்டியில், எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "மீன் உண்டா?" பதிலும் ஒன்றுதான்: "இன்னும் இல்லை."

என் கணக்குப்படி முட்டையிட்டு இருபத்தேழாவது நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் குஞ்சு பொரிக்கவில்லையென்றால் இனி இல்லை. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் நான் என் திறமையைக் காட்டினேன்.

லோக்கின் வடிகால் கூட்டுக்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது. அங்கிருந்து ஓடை புறப்பட்டு, அடுப்புக்குக் கரிமண் வெட்டப் போகும் பாதைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் புகுந்து, சரிவில் இறங்கி, தேவாலய வாசலை ஒட்டிக் கடலுக்குப் போகும். மேட்டுக்குக் குறுக்கு வழியில் போக அந்த ஓடையைத் தாண்ட வேண்டும். அறுபத்து மூன்று வயது முழங்கால்கள் தாண்டுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. ஆகவே சரக்கு அடுக்கும் மரப்பலகைச் சட்டமான பேலட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலமாகப் போட்டேன். கூட வந்த என் மனைவி எஃபி, மூலைக்கு ஒன்றாக நான்கு கல் வைக்கச் சொன்னாள். நான் நடுவில் ஒரு கல் வைத்தேன். ஒன்று போதும் என்றேன். அவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் சொல்லாமல் விட்டவைதான் எனக்கு அதிகம் வலித்திருக்கின்றன.

இரவு முழுக்க மழை. ஞாயிறு காலை எழுந்து சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியை வைத்தேன். கூட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் உண்டு. எங்கள் நீர்மட்டக் குறி அதுதான். அதில் ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. லெரகா கூட்டிலேயே உட்கார்ந்திருந்தது. கழுத்தை நீட்டி, சுற்றியிருந்த பாசியைக் கொத்தி இழுத்து, வயிற்றுக்கடியில் திணித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏற அது தன் வீட்டை மேலே மேலே தூக்கிக்கொண்டிருந்தது. மழை நின்று இரண்டு மணி நேரம் ஆகியும் லோக் வடியவில்லை. தொலைநோக்கியை வடிகால் பக்கம் திருப்பினேன். என் பேலட் செங்குத்தாக எழுந்து குழாய் வாயில் கதவுபோல நின்றது. அதன்மேல் புதரும், பாசியும், யாருடைய ஆட்டிலிருந்தோ உதிர்ந்த கம்பளியும் அப்பிக் கிடந்தன. நான் வைத்த ஒற்றைக் கல் சற்றுத் தள்ளி ஓடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

மண்வெட்டியை எடுக்கக் கதவுப் பக்கம் போனேன். எஃபி குறுக்கே நின்றாள்.

"இன்னைக்கு என்ன கிழமை, கிழவா?"

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான்; கடவுளின் ஓய்வுநாள், வேலை கூடாது. உருளைக்கிழங்கைக்கூடச் சனிக்கிழமையே உரித்துத் தண்ணீரில் போட்டு வைப்போம். கொடியில் ஒரு காலுறை தொங்கினால் திங்கட்கிழமை அது பேச்சாகும். தோளில் மண்வெட்டியோடு நான் தெருவில் நடந்தால் என் பேரன்மார் கல்யாணம் வரைக்கும் ஊர் அதைச் சொல்லிக் காட்டும். கூட்டருகே போகக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். அதை மீறினால் அபராதத்தோடு போகும். இது அந்த மாதிரி இல்லை.

"முட்டை முங்கப் போவுது, எஃபி."

"தெரியுது. நானும் பார்த்தேன்." அவள் அலமாரியைத் திறந்து என் கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினாள். "மண்வெட்டி வேண்டாம். வேலை உடுப்பும் வேண்டாம். இதைப் போட்டுக்கிட்டுப் போ. பார்க்கிறவங்க கோயிலுக்குப் போறேன்னு நினைச்சுக்கட்டும்."

"கோயில் கீழே இருக்கு. நான் மேலே போறேன்."

"நீ பஸ் ஓட்டினப்பவும் அப்படித்தான் போனே. யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க."

தலைவலி என்று எனக்காகப் பொய் சொல்ல மாட்டாளாம். கேட்டால் வரவில்லை என்று மட்டும் சொல்வாளாம். கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு அவள் தேவாலயத்துக்கு இறங்க, கறுப்புக் கோட்டு, கறுப்புக் கழுத்துப்பட்டை, மெருகேற்றிய காலணி சகிதம் நான் சதுப்பில் ஏறினேன். உலகத்தில் அடைப்பெடுக்கப் போகிறவன் எவனும் இவ்வளவு நேர்த்தியாக உடுத்தியிருக்க மாட்டான்.

மழை கழுவிவிட்ட சதுப்பு அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. பஞ்சுப்புல் தலையாட்டியது, ஆள்காட்டிகள் என் தலைக்கு மேலே வட்டமடித்துத் திட்டின, தும்பிகள் அல்லி இலைக்கு இலை தாவின. மெருகேற்றிய காலணி நான்காவது அடியிலேயே கணுக்கால் வரை போய்விட்டது. குழாய்ப் பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் கொக்கி வளைந்த கைத்தடி. ரோரி.

ரோரி எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர். எங்கள் தேவாலயத்தில் ஆர்மோனியமோ ஆர்கனோ கிடையாது; அவர் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால்தான் சபை பாடும். தொழிலில் கொத்தனார். இருபதடிச் சுவரில் ஒரு நெல்லளவு சாய்வு இருந்தாலும் இடித்துக் கட்டுவார். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார் என்பதால் சுவரின் சாய்வைக் காட்டும் குமிழிக் கருவியின் பெயரையே, ரசமட்டம் என்று, ஊர் அவருக்கு வைத்தது. என் பெயர் ஃபின்லே. ஆனால் ஊருக்கு நான் ரிவர்ஸ். போதகர் வீட்டுச் சுற்றுச்சுவரை ரோரி இரண்டு முறை கட்டினார். இரண்டு முறையும் அது விழுந்தது என் பேருந்தின் பின்பக்கத்தால்.

என்னைப் பிடிக்கத்தான் வந்து நிற்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். காற்று வாங்க வந்ததாகச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தபோது, அவர்தான் முதலில் சொன்னார்.

"காத்து வாங்க வந்தேன்."

அப்போதுதான் கவனித்தேன். கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே ஒரு தொலைநோக்கி துருத்திக்கொண்டிருந்தது. கைத்தடியின் கொக்கியில் ஒரு கொத்துப் பாசி. முழங்கால் வரை ஈரம்.

"நல்ல காத்துங்களா?" என்றேன்.

"அந்தக் கல்லு இன்னும் நாலு விரல்தான் தெரியுது, ஃபின்லே."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

இருவரும் ஓடைக்குள் இறங்கினோம். இறங்கினோம் என்றால் உடனே இல்லை. ரோரி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஓய்வுநாளில் இரண்டு வகை வேலைக்கு மட்டும் அனுமதி உண்டு என்று சிறுவயதிலேயே எங்களுக்கு மனப்பாடம்: தேவையின் வேலை, இரக்கத்தின் வேலை. பசுவுக்குப் பால் கறக்கலாம், குழிக்குள் விழுந்த ஆட்டைத் தூக்கலாம். காட்டுப் பறவையின் முட்டை இதில் எதற்குள் அடங்கும் என்று ரோரி அரை மணி நேரமாக அங்கே நின்று யோசித்திருக்கிறார். இரக்கத்தில் அடங்கும் என்று முடிவாகிவிட்டதாம். ஒரே ஒரு சிக்கல் மிச்சம்.

"சனிக்கிழமையே செஞ்சிருக்கக்கூடிய வேலைன்னா இன்னைக்குச் செய்யக்கூடாது. அது தேவையில்லை, சோம்பேறித்தனம். இந்தப் பலகை எப்ப வந்துச்சுன்னு தெரிஞ்சா முடிவு பண்ணிடலாம். எந்த மடையன் போட்டானோ."

நான் லோக்கைப் பார்த்தேன். எதிர்க்கோடியில் லெரகா இன்னொரு கொத்துப் பாசியை இழுத்தது. பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டே சொல்ல வரவில்லை.

"நான்தான் போட்டேன். நேத்து. எஃபி நாலு கல்லு வைக்கச் சொன்னா. ஒண்ணுதான் வச்சேன்."

ரசமட்டம் என்னை ஒரு சுவரைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப சரி," என்றார் கடைசியில். "உனக்குப் பாவம். எனக்கு இரக்கம். பிடி."

தண்ணீர் எலும்பில் குத்தியது. பேலட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. லோக்கின் முழு எடையும் அதை அழுத்திக்கொண்டிருந்தது. ரோரி கைத்தடிக் கொக்கியை மேற்பலகையில் மாட்டினார். கைத்தடி கருவியாகாதா என்று கேட்டேன். அது தன் மூன்றாவது கால் என்றார். என்னிடம் மூன்றாவது கால் இல்லை. கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கீழ்ப்பலகையில் முடிச்சுப் போட்டேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனால் சேர்ந்து இழுக்க முடியவில்லை. அவர் இழுக்கும்போது நான் மூச்சு வாங்கினேன், நான் இழுக்கும்போது அவர் வழுக்கினார்.

"பாட்டு வேணும்," என்றார் ரோரி. "தாளம் இருந்தாத்தான் வரும்."

படகுக்காரர்களின் ஏலேலோப் பாட்டு ஞாயிற்றுக்கிழமை ஆகாது. வேதாகமச் சங்கீதம் ஆகும். பாட்டு என்பதால் அவர் தொப்பியைக் கழற்றி, நான் சனிக்கிழமை வைத்த அந்த ஒற்றைக் கல்லின் மேல் மரியாதையாக வைத்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார். எங்கள் சங்கீத ராகங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு வரி முடிவதற்குள் ஒரு ஆட்டுக்கு முழுசாக மயிர் கத்தரித்துவிடலாம். ஒரு அசைக்கு ஒன்பது வளைவு. எந்த வளைவில் இழுப்பது என்று புரியாமல் எல்லா வளைவிலும் இழுத்தேன். ஆள்காட்டிகள் திட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. லோக்கின் நடுவில் ஒரு நீர்நாய் மட்டும் தலையை உயர்த்தி, எங்கள் இருவரையும் பார்த்து, உள்ளே போய்விட்டது.

மூன்றாவது வரியில் பேலட் முனகியது. நான்காவதில் அசைந்தது. ரோரி சுருதியை உயர்த்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பேருந்தில் கியர் விழாதபோது இழுப்பதுபோல இழுத்தேன்.

லோக் எங்களைத் தாண்டிப் போனது.

அதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருவரும் ஓடைக்குள் உட்கார்ந்திருந்தோம், பேலட் என் மடியில், பழுப்புத் தண்ணீர் எங்கள் தோள்களை இடித்துக்கொண்டு குழாய்க்குள் கர்ஜித்தது. பாசி போனது, புதர் போனது, கம்பளி போனது. கல்லின் மேலிருந்த கறுப்புத் தொப்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, மெல்லத் திரும்பி, கம்பீரமாகக் குழாய்க்குள் போனது.

"என் தொப்பி," என்றார் ரோரி, ஒரு கப்பல் போவதைப் பார்ப்பவர்போல.

நாங்கள் அதைத் துரத்தவில்லை. தவழ்ந்து மேட்டுக்கு ஏறி, அவருடைய தொலைநோக்கியை ஆளுக்கு எண்ணிப் பத்து மூச்சு என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். வெள்ளைக் கல் இரண்டு விரல் தெரிந்தது. பிறகு நான்கு. பிறகு ஒரு சாண். லெரகா பாசி இழுப்பதை நிறுத்தியது. அலகைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தது; வழக்கமான மரியாதைக்குறைவுதான். கூடு தண்ணீருக்கு மேலே இருந்தது. ஆனால் முட்டைகள் ஈரத்தில் குளிர்ந்துபோயினவா, உள்ளே உயிர் இருக்கிறதா, அது மேட்டிலிருந்து தெரியாது. மீன்தான் சொல்ல வேண்டும்.

கீழே நடந்ததை எஃபி பிறகு சொன்னாள். காலை ஆராதனையில் ரோரியின் இருக்கை காலி. நாற்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அவருக்குப் பதிலாகப் பாட்டெடுத்தவர் மிக உயரத்தில் எடுத்துவிட, சபை பாதி வழியில் கழன்றுகொண்டது. ரசமட்டம் செத்துப்போயிருப்பார் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் ஓடைப் பாலத்தின் மேல் நின்று போதகருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, ஓடை திடீரென்று பெருகிப் பழுப்பாக வந்ததாம். முதலில் பாசி. பிறகு கம்பளி. பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூப்பரின் தொப்பி. அதன் பின்னால், பேலட்டிலிருந்து முடிச்சவிழ்ந்த என் கழுத்துப்பட்டை, ஒரு மரியாதையான இடைவெளி விட்டு.

எஃபி குடைக் கைப்பிடியால் தொப்பியை மட்டும் கொக்கிபோட்டு எடுத்திருக்கிறாள். போதகர் அதைப் பார்த்தார், சரிவின் மேல் லோக் இருக்கும் திசையைப் பார்த்தார், ஒரேயொரு கேள்வி கேட்டார். "கூடு இருக்கா?"

மாலை ஆராதனை ஆறு மணிக்கு. நாங்கள் இருவரும் உலர்ந்த உடுப்பில், ஆனால் கரிமண் நிறம் போகாத கைகளோடு வந்தோம். வழக்கமாக எல்லோரும் நேராக உள்ளே போய் உட்காருவார்கள். அன்றைக்கு ஒருவரும் உள்ளே போகவில்லை. முற்றத்தில் நின்றார்கள். காற்று அடியோடு நின்றிருந்தது. ஜூன் மாதம் காற்றில்லாத மாலையில் வெளியே நின்றால் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகள் ஆளைத் தின்றுவிடும். தின்றன. அறுபது எழுபது பேர் கறுப்பு உடையில், முகத்தைச் சொறியாமல், கடல் பக்கம் திரும்பி நின்றோம். எதற்காக நிற்கிறோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் பக்கத்தில் ரோரி. ஈரத் தொப்பியை அவர் கையில் வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தார்.

போதகர் வெளியே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு தாண்டி நான்கு நிமிடம். ஏதோ சொல்லப் போனவர், கன்னத்தில் ஒரு கடியை வாங்கிக்கொண்டு, அவரும் கடல் பக்கம் திரும்பி நின்றார்.

லெரகா பறந்தால் வாத்து மாதிரிக் கத்திக்கொண்டே வரும். பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும். அதனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். சத்தமே வரவில்லை. ஒற்றைக் கல், ஒற்றைக் கல் என்று மனசு அடித்துக்கொண்டது. நான்கு வைத்திருந்தால் இந்நேரம்... அப்போது எஃபியின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின.

கடலிலிருந்து அது வந்தது. கழுத்தை முன்னால் நீட்டி, சிறகுகள் படபடக்க, நேராக, கூரை உயரத்தில், வாயைத் திறக்காமல். வாயைத் திறக்க முடியாததால் திறக்காமல். மாலை வெயில் அலகில் பட்டது. அலகின் குறுக்கே ஏதோ ஒன்று வெள்ளியாக மின்னியது.

ஒருவரும் கூவவில்லை. ஞாயிற்றுக்கிழமை. கை தட்டவில்லை. எழுபது தலைகள் மட்டும் ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக மேலே போய், ஒன்றாகச் சரிவின் மேல் இறங்கின. யாரோ மூச்சை விட்டார்கள், அல்லது எல்லோரும். முன்வரிசையில் எப்போதும் தூங்கிவிடும் கடைக்காரர் கோர்டான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூச்சி விழுந்துவிட்டது என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

போதகர் ரோரியிடம் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மீனா?"

"மீன்தான், ஐயா," என்றார் ரோரி. பிறகு, நீதி தவறக் கூடாதென்று, என் பக்கம் தலையை அசைத்தார். "இரக்கம் என்னோடது. மத்ததெல்லாம் இவனோடது."

"அதைத் திங்கட்கிழமை பேசிக்கலாம்," என்றார் போதகர். ஆனால் அவர் உதடுகள் சரியாக மூட மாட்டேன் என்றன.

உள்ளே போனோம். ரோரி எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். காலையில் பாட்டெடுத்தவரைவிட இரண்டு மடங்கு உயரத்தில். நாற்பது வருடத்தில் முதல் முறையாக ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கவில்லை. எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, காது சிவந்துவிட்டது. ஆனால் இந்த முறை ஒருவர்கூடக் கழன்றுகொள்ளவில்லை. எல்லோரும் அந்த உயரத்துக்கு எட்டிப் பிடித்தோம். நான், கழுத்துப்பட்டை இல்லாததால், எல்லோரையும்விடக் கொஞ்சம் மேலேயே போனேன். எஃபி என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை.